கிள்ளானில் நான் துப்பிய பீர்

எங்கள் தேயிலையில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று மலேசியாவில் கிள்ளானிலிருந்து புகார் வந்தது. இரண்டு தடவை மெயில், ஒரு தடவை போன். அதற்கப்புறம், "ஆளை அனுப்புங்கள், இல்லாவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்புகிறோம்" என்றார்கள். முதலாளி என்னை அனுப்பினார்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாக நான் டேஸ்டர். தேநீரைச் சுவைத்து நல்லது கெட்டது சொல்வது என் வேலை. சீசனில் ஒரு நாளைக்கு முன்னூறு கோப்பை வரை போகும். கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவேன். விழுங்குவதே கிடையாது. முன்னூறு கோப்பையை விழுங்கினால் மனுஷி என்ன ஆவாள்? எனக்கு நாக்குக்குத்தான் சம்பளம், வயிற்றுக்கு இல்லை.

புகாரைப் பத்து நிமிடத்தில் தீர்த்தேன். அந்த வியாபாரியின் கிடங்குக்குள் கால் வைத்ததுமே மூக்கில் அடித்தது. எங்கள் மூட்டைகளை ஒட்டி நெத்திலிக் கருவாடு, கூரை வரைக்கும். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். இதுகூடத் தெரியாமல் தேயிலை வியாபாரம்.

"இங்கே யாருக்குமே மூக்கு இல்லையா?" என்று கேட்டேன்.

கிடங்கு மேனேஜர் தமிழர். நல்ல மனிதர்தான். "அக்கா, கருவாடு இங்க ரெண்டு வருசமா இருக்கு லா. எங்களுக்கு வாசனையே தெரியல" என்றார்.

மதியத்துக்குள் ஒரு லோரி வந்து கருவாட்டை ஏற்றிக்கொண்டு போனது. நான் திங்கட்கிழமை வந்து இறங்கினேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்துவிட்டது. திரும்பும் விமானம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்த்திருக்கலாம்.

தங்கியது கவிதா வீட்டில். என் தங்கை மகள். எட்டு வருடத்துக்கு முன் இந்த ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்தவள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் பதினோராவது மாடி. லிஃப்ட் பத்தில் நிற்கும், பன்னிரண்டில் நிற்கும், பதினொன்றில் நிற்காது. ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் லா பெரியம்மா" என்கிறாள். குன்னூரில் பிறந்து வளர்ந்தவள் வாயில் லா என்ன லா? பன்னிரண்டுக்குப் போய் ஒரு மாடி இறங்கினேன். அதற்குள் வியர்வையில் ரவிக்கை ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் இந்த மாதம் ஸ்வெட்டர் போடுவோம்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். கீழே கடையில் ரொட்டி சானாய் என்று ஒன்று தருகிறார்கள். நம் பரோட்டாவுக்குத் தம்பி, ஆனால் அண்ணனைவிட மெலிசு, மொறுமொறுப்பு. பருப்புக் குழம்பில் முக்கி மூன்று சாப்பிட்டேன். தே தாரிக் என்கிற அவர்கள் டீதான் பிடிக்கவில்லை. டஸ்ட் தேயிலையைக் கொதிக்க வைத்துச் சாகடித்து, அதன்மேல் டின் பாலைக் கொட்டி, இரண்டு கைக்கும் நடுவில் ஒரு முழம் தூரத்துக்கு ஆற்றி, நுரையோடு வைத்தான் கடைப் பையன். குடித்துப் பார்த்தேன். "தம்பி, இதில் தேயிலை எங்கே?" என்றேன். "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க ஆன்டி" என்றான். எல்லாரும் சொல்வார்கள். சர்க்கரையை யார்தான் நன்றாக இல்லை என்பார்கள்?

இந்தப் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் மாறன், கவிதாவின் புருஷன். மலேசியாவிலேயே பிறந்தவன். ஆறடி உயரம், அதற்கேற்ற தோள், பேச்சு மட்டும் கிடையாது. எதைச் சொன்னாலும் "சரி" என்பான். கவிதா சொன்னால் "சரிம்மா", நான் சொன்னால் "சரி பெரியம்மா", முதலாளி போன் பண்ணினால் "சரி பாஸ்". கல்யாணத்தின்போது ஐயர் சொன்னதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் கவிதா விஷயத்தை அவிழ்த்தாள்.

மாறன் வேலை செய்வது கிள்ளானில் ஒரு தொழிற்பேட்டையில், சின்ன பீர் ஆலையில். முதலாளி ஆ கியோங் என்ற சீனர். பெரிய கம்பெனி மாதிரி ஆயிரக்கணக்கில் அடிக்கிற இடம் இல்லை. ஐந்து டேங்க், ஏழு ஆள். ஒவ்வொரு பீரையும் தனித்தனியாகச் சமைக்கிறார்கள். மாறன் அங்கே ஏழு வருடமாக டேங்க் கழுவுகிறான், மூட்டை தூக்குகிறான். சமைக்கிற ஆள் இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போய்விட்டார். "எனக்கும் சமைக்கத் தெரியும் பாஸ்" என்று மாறன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்திருக்கிறான். ஆ கியோங் ஒரு டேங்கைக் கொடுத்து, "செய்து காட்டு" என்றிருக்கிறார். மாறன் பிரவுன் ஏல் என்ற ஒரு ரகத்தைச் செய்திருக்கிறான். பழுப்பு நிற பீர். வழக்கமான மஞ்சளும் இல்லை, முழுக் கறுப்பும் இல்லை. சனிக்கிழமை மூன்று மதுக்கடைக்காரர்கள் வந்து சுவைத்துப் பார்ப்பார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டால் மாறன்தான் இனிமேல் ஆலையில் சமைக்கிறவன். இல்லையென்றால் டேங்கைச் சாக்கடையில் திறந்துவிட்டு, ஜோகூரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வருவார்கள். மாறன் பழையபடி கழுவ வேண்டியதுதான்.

"அதான் பெரியம்மா, நீங்க ஒரு தடவ டேஸ்ட் பண்ணிப் பாக்கணும்" என்றாள் கவிதா.

"நான் பீர் குடிச்சதே இல்ல."

"நீங்கதான் எதையும் குடிக்க மாட்டீங்களே, துப்புவீங்க."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஒத்துக்கொண்டேன். மாறன் கை கழுவப் போனதும் கவிதா என் பக்கம் குனிந்தாள். "எப்படி இருந்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க பெரியம்மா. ப்ளீஸ்."

"அப்படிச் சொல்லணும்னா உன் மாமியாரைக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

புதன்கிழமை மாறனும் நானும் ஆலைக்குப் போனோம். தகரக் கூரை, ஈரத் தரை, உள்ளே ரொட்டிக்கடையும் மாட்டுத் தொழுவமும் கலந்த ஒரு வாசனை. கேவலமான வாசனை என்று சொல்ல மாட்டேன். முளைவிட்டுக் காய்ந்த பார்லியை வேகவைக்கிறார்கள், அந்த வாசனை. எனக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

நான் என் வழியில்தான் வேலை செய்வேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு வெள்ளைக் கோப்பை வேண்டும், ஒரு கரண்டி வேண்டும், துப்ப ஒரு வாளி வேண்டும். மாறன் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தான். டேங்கிலிருந்து பிடித்துக் கோப்பைகளில் ஊற்றினான். நிறம் பிரமாதம். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் செம்பு நிறம் தெரிந்தது. எங்கள் நல்ல தேநீரில் வருகிற அதே செம்பு. கரண்டியில் எடுத்தேன், உறிஞ்சினேன். டேஸ்டர் உறிஞ்சுகிற சத்தம் சாதாரணமாக இருக்காது, சீலை கிழிகிற மாதிரி இருக்கும். உள் அறையிலிருந்து ஒரு குட்டையான ஆள் அரக்கப்பரக்க ஓடிவந்தார். அவர்தான் ஆ கியோங். பம்ப்பில் காற்று அடைத்துக்கொண்டதோ என்று பயந்துவிட்டாராம்.

"இவங்க என் வைஃப்போட பெரியம்மா பாஸ். இந்தியாவில் பெரிய டேஸ்டர்" என்று மலாயில் சொன்னான் மாறன்.

ஆ கியோங் என்னையும் வாளியையும் பார்த்தார். நான் இரண்டாவது வாயைத் துப்பினேன். அவர் முகம், தன் பிள்ளை முகத்தில் யாரோ துப்பின மாதிரி ஆனது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இரண்டு நேபாளிகள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆறு கோப்பையும் முடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். "முன்னால நல்லா வருது. வறுத்த வாசனை இருக்கு. பின்னால ஒண்ணுமே இல்ல. வாயிலருந்து போனதும் போயிடுது. தண்ணி."

ஆ கியோங் தமிழ் தெரியாமலே புரிந்துகொண்டார்.

"சரி பெரியம்மா" என்றான் மாறன்.

ரயிலில் திரும்பும்போது அவன் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே வந்தான். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. பொய் சொல்லிச் சனிக்கிழமை அவமானப்படுவதைவிட உண்மை சொல்லிப் புதன்கிழமை அழுவது மேல். அப்படித்தான் நினைத்தேன். கவிதா இரண்டு நாள் எனக்குக் காரக் குழம்பு ஊற்றும்போது கரண்டியைத் தட்டித் தட்டி ஊற்றினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வராந்தாவில் காற்று வாங்க நின்றேன். அடுத்த வீட்டு வாசலில் சவரிமுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயசு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில், தினம் சாயங்காலம் ஆறரைக்கு ஒரே ஒரு கிளாஸ் பீர். கிளாஸ் அவர் கையில் இருந்தது.

"மாறன் மூஞ்ச தொங்க போட்டுக்கிட்டுப் போறானே, என்னாச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். நான் சுவைத்த விதத்தையும் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"துப்புனீங்களா?"

"துப்பினேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு சொட்டு விடல."

"ஐயோ ஆன்டி" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "பீரோட கசப்பு நாக்கு நுனியிலயா இருக்கு? தொண்டையில இருக்கு லா. முழுங்கணும். முழுங்குன பெறகு ஒரு மூச்சு விடணும். அப்பதான் வாசனை மூக்கு வழியா திரும்பி வரும். வாலு அங்கதான் இருக்கு. நீங்க மாட்டோட மூஞ்ச மட்டும் பாத்துட்டு வாலு இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"எனக்கு முப்பத்தொரு வருசம் அனுபவம்" என்றேன்.

"எனக்கு அம்பது வருசம்" என்றார், கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.

குடிகாரன் பேச்சு என்று உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். ஆனால் தூக்கம் வரவில்லை. தேநீரின் துவர்ப்பு ஈறில் பிடிக்கும், கன்னத்தின் உள்பக்கம் பிடிக்கும். விழுங்க வேண்டிய தேவையே இல்லை. பீரும் அப்படித்தானா என்று நான் யோசித்தேனா? இல்லை. யாரையும் கேட்டேனா? இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் கீழே கடைக்குப் போய்ப் பால் இல்லாத கறுப்புக் காபி இரண்டு வாங்கினேன். இங்கே காபிக்கொட்டையை நன்றாகக் கருக வறுப்பார்கள், சோதனைக்குத் தோதாக இருந்தது. முதல் கோப்பையை உறிஞ்சி ஓரத்துச் சாக்கடையில் துப்பினேன். வறுத்த வாசனை வந்தது, போனது. இரண்டாவது கோப்பையை விழுங்கி, மூச்சு விட்டேன். கசப்பு தொண்டையில் ஏறி உட்கார்ந்தது. வாசனை மூக்குப் பின்னாலிருந்து மறுபடி கிளம்பியது, அரை நிமிடம் நின்றது. சரிபார்க்க மறுபடி ஒரு வாய் துப்பினேன். கடைக்காரர், "ஆன்டி, காபி பிடிக்கலன்னா சொல்லுங்க, வேற போட்டுத் தரேன். கட வாசல்ல துப்பாதீங்க, கஸ்டமர் பாக்குறாங்க" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். லிஃப்ட் பன்னிரண்டில்தான் நின்றது.

கவிதா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மாறன் எங்கே?"

"சீக்கிரமே போயிட்டாரு. நேத்து ராத்திரி கருகக் கருக வறுத்த பார்லி ஒரு மூட்ட வாங்கிட்டு வந்தாரு. ஊற வச்சு அந்தத் தண்ணிய டேங்க்ல ஊத்தப் போறாராம். பெரியம்மா சொன்னத சரி பண்ணிடுறேன்னு சொன்னாரு."

அவன் போனுக்கு அடித்தோம். வேலை நேரத்தில் போனை அலமாரியில் பூட்டிவிடுவானாம். ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கவிதா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள், ஒன்பது மணிக்கு அவள் கதவைத் திறக்காவிட்டால் டாக்டரே வெளியில் நிற்பார். நானே போகிறேன் என்றேன். இரண்டு தடவை போய்வந்த வழிதானே?

சென்ட்ரல் ஸ்டேஷனில் ஓடிப்போய் ஏறினேன். பெண்கள் பெட்டி, உட்கார இடம், குளிர்காற்று. நல்ல சகுனம் என்று நினைத்தேன். அடுத்த ஸ்டேஷன் வந்தது. பெயர் புதிதாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டேன். இந்த ரயில் சிரம்பானுக்குப் போகிறது என்றாள். கிள்ளானுக்கு நேர் எதிர்த் திசை இல்லை என்றாலும், எனக்குப் பிரயோஜனமான திசை இல்லை. இறங்கி ரயில்வேயைத் திட்டினேன். பிளாட்பாரப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அது வேறு எரிச்சல்.

கவிதா தன் போனில் வாடகைக் காரைப் பிடித்து அனுப்பினாள். ஓட்டி வந்தது என் வயசுப் பெண். பெயர் புஷ்பா. கறுப்புக் கண்ணாடி, இரண்டு கையிலும் வெயில் படாமல் முழங்கை வரை உறை, டேஷ்போர்டில் முருகன்.

"கிள்ளானா? ஃபெடரல் ஹைவேல ஜாம் லா அக்கா. மெதுவாத்தான் போவும்."

"மெதுவா போனா காரியம் கெட்டுடும்மா. எங்க மாப்பிள்ளை பீர்ல எதையோ கலக்கப் போறான். நான் சொன்ன ஒரு வார்த்தையால. அதுக்குள்ள நான் போய் நிறுத்தணும்."

புஷ்பா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். கார் பறந்தது. லோரிகளுக்கு நடுவில் நுழைந்தாள், மோட்டார் சைக்கிள் வழியில் காரின் பாதியை ஏற்றினாள், ஷா ஆலம் தாண்டும்போது மழை பிடித்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் கதவின் கைப்பிடியை விடவே இல்லை. நடுவில் ஒரு தடவை, "போலீஸுக்கு போன் பண்ணவா அக்கா?" என்றாள். எதற்குப் போலீஸ் என்று எனக்குப் புரியவில்லை. "வேண்டாம், நான் பேசினா கேப்பான்" என்றேன். "என் தங்கச்சி வீட்டுக்காரரும் இப்படித்தான், நல்லவேளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்" என்றாள். அப்போதுதான் அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. திருத்தியிருக்க வேண்டும். ஆனால் கார் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஆலை வாசலில் காரைக் குறுக்காக நிறுத்திவிட்டு அவளும் என்னோடு இறங்கி ஓடிவந்தாள். உள்ளே மாறன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். கையில் வாளி, வாளியில் கறுப்புத் தண்ணீர். டேங்கின் மேல்மூடியில் இன்னும் ஒரு திருகுதான் பாக்கி.

"நிறுத்துடா!" என்று கத்தினேன்.

"குடிக்காதீங்க தம்பி! பொண்டாட்டிய நெனச்சுப் பாருங்க!" என்று கத்தினாள் புஷ்பா.

மாறன் ஏணியில் அப்படியே நின்றான். நேபாளிகள் மறுபடி மூட்டையை இறக்கி வைத்தார்கள். என்னைப் பார்த்தாலே மூட்டையை இறக்குவது என்று முடிவு செய்துவிட்டார்கள் போல.

"கீழே இறங்கு. நான் சொன்னது தப்பு" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுத வேண்டியதில்லை. என் தீர்ப்பில் தேயிலை ஏலத்துக்குப் போகாமல் நின்றுபோன சரக்குகள் உண்டு. ஒரு தடவைகூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

மாறன் இறங்கி வந்தான். "அப்ப பீர் நல்லா இருக்கா பெரியம்மா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"நான் இன்னும் குடிக்கவே இல்லையே. துப்பிட்டுல்ல சொன்னேன்."

அவன் வாளியைத் தரையில் வைத்தான். மேல்மூடியைத் திறந்தாலே காற்றுப் பட்டு பீர் பழசாகிவிடும், தெரிந்தேதான் செய்யப் போனேன் என்று மெதுவாகச் சொன்னான். தெரிந்தால் ஏன் செய்தாய் என்று கேட்டேன். "நீங்க சொன்னீங்களே" என்றான். எனக்கு அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது. அப்புறம் யோசித்தால் அந்த நாலும் எனக்கு விழ வேண்டியவை.

புஷ்பாவுக்கு விஷயம் புரிய இரண்டு நிமிடம் ஆனது. "பீருக்கா? ஒரு பீருக்கா நான் சிவப்பு லைட்டத் தாண்டி வந்தேன்? சம்மன் வந்தா யாரு கட்றது?" என்று இடுப்பில் கை வைத்தாள். நியாயமான கேள்வி. திட்டு வாங்கிக்கொண்டேன். அவளும் என் மாதிரிதான், திட்டி முடித்ததும் சரியாகிவிட்டாள். மாறன் கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே குடித்துப் பார்க்கலாம் என்றான் மாறன். நான் மறுத்தேன். மறுபடி ஏதாவது சொல்லி வைப்பேன், இவன் மறுபடி ஏணியில் ஏறுவான். நாளைக்கு எல்லோரோடும் குடிக்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. ஆலையின் முன் அறையில் ஒரு மேடை, ஆறு ஸ்டூல். ஆ கியோங் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் காலால் ஒரு வாளியை ஓரமாகத் தள்ளி மறைத்தார். மதுக்கடைக்காரர்கள் மூன்று பேர். இரண்டு சீனக் கிழவர்கள், அண்ணன் தம்பி, வாயைத் திறக்காத ஆட்கள். மூன்றாவது ஒரு உயரமான பெண், பெட்டாலிங் ஜெயாவில் கடை நடத்துகிறாள். அவள் எடுத்தால் மற்ற இருவரும் எடுப்பார்கள் என்று கவிதா என் காதில் சொன்னாள். கவிதா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சும்மா வரவில்லை, போன் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு. "நீங்க பீர் குடிக்கிறத அம்மாவுக்கு அனுப்பணும்" என்றாள்.

மாறன் குழாயைத் திறந்து ஊற்றினான். கிளாஸ்களில் பனி பூத்திருந்தது. உயரமான பெண் ஒரு மடக்குக் குடித்தாள். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொரு மடக்கு.

"நிறம் இருக்கிறது. சுவை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆ கியோங் மாறனைப் பார்த்தார். மாறன் தரையைப் பார்த்தான்.

நான் கிளாஸை எடுத்து ஒரு வாய் விழுங்கினேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை. பல் கூசியது, தொண்டை மரத்தது, மண்டைக்குள் ஒரு ஊசி. அவ்வளவுதான். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை நான் சொன்னதே சரியோ?

அப்புறம் யோசித்தேன். புதன்கிழமை டேங்கிலிருந்து பிடித்தபோது வறுத்த வாசனையாவது இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லையே, எங்கே போனது? எழுந்துபோய்க் குழாய்க்குப் பின்னால் இருந்த குளிர்ப்பெட்டியைப் பார்த்தேன். இரண்டு டிகிரி. மஞ்சள் பீருக்கு வைத்ததை யாரும் மாற்றவில்லை. இந்த ஊர் வெக்கையில் ஐஸ் மாதிரி இல்லாவிட்டால் பீரே இல்லை என்று பழகிவிட்டார்கள். கருவாட்டுக் கிடங்கில் மூக்கு பழகின மாதிரி. மாறனும் இந்த ஊர்க்காரன்தானே.

கொதிக்கிற தேநீரை வாயில் வைத்தால் சுடும், சுவை தெரியாது. ஆற விட வேண்டும். இது தலைகீழ். அவ்வளவுதான் வித்தியாசம்.

"யாரும் குடிக்காதீங்க. கிளாஸக் கீழ வைங்க" என்றேன். கவிதா மொழிபெயர்த்தாள். மரியாதை சேர்த்து மொழிபெயர்த்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடைமேல் வைத்தேன். "இருபது நிமிசம்."

மூன்று பீர் வியாபாரிகளை பீருக்கு முன்னால் கையைக் கட்டி உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. அண்ணன் கிழவர் ஆறாவது நிமிடத்தில் கிளாஸுக்குக் கையை நீட்டினார். கையைத் தட்டிவிட்டேன். தம்பிக் கிழவர் அதுவரைக்கும் வேறு பீர் ஒன்று தரச் சொன்னார். "நாக்கக் கெடுத்துக்காதீங்க" என்றேன். உயரமான பெண் மட்டும் போனை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஆன்டி எங்கே வேலை செய்கிறார்?" என்று ஆ கியோங்கைக் கேட்டாள். "இந்தியாவில். கடவுளுக்கு நன்றி" என்றார் ஆ கியோங்.

கிளாஸின் வெளிப்பக்கத்துப் பனி வியர்வையானது. வியர்வை வழிந்து மேடையில் வட்டம் போட்டது. பதினைந்தாவது நிமிடத்தில் மூக்குக்கு முதல் தகவல் வந்தது. வறுத்த வேர்க்கடலைத் தோலைக் கையில் கசக்கி ஊதினால் வருமே, அது. தம்பிக் கிழவர் மூக்கை உயர்த்தினார்.

இருபது ஆனதும் குடிக்கச் சொன்னேன். நானும் குடித்தேன். விழுங்கினேன். மூச்சு விட்டேன்.

முதலில் கடலை. அதற்குப் பின்னால் பதம் முற்றின வெல்லப்பாகு, ஆனால் இனிப்பு நாக்கில் பிசுபிசுக்கவில்லை. விழுங்கின பிறகு தொண்டையில் ஒரு மெல்லிய கசப்பு, கடைசியில் ஒரே ஒரு கீற்று கருகல், ரொட்டியின் அடிப்பக்கம் மாதிரி. அது போகவில்லை. நின்றது. பாழாய்ப்போன வால். நான் இல்லை என்று சொன்ன வால் இவ்வளவு நீளம் இருந்தது. அந்த வாளிக் கறுப்புத் தண்ணீரை ஊற்றியிருந்தால் எல்லாம் கரியாகியிருக்கும்.

"இப்ப இருக்கு" என்றேன். "புதன்கிழமையும் இருந்தது. எனக்குத்தான் தெரியல." கவிதாவிடம், "இதையும் மொழிபெயர்" என்றேன்.

உயரமான பெண் கிளாஸைக் காலி செய்தாள். காலிக் கிளாஸை மோந்து பார்த்தாள். அப்புறம் மாறனிடம், "என் கடையில் இரண்டு மாதம் போட்டுப் பார்க்கிறேன். தனிக் குழாய், தனிக் குளிர்ப்பெட்டி. எவ்வளவு குளிரில் ஊற்ற வேண்டும் என்று நீயே வந்து என் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டும்" என்றாள். கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். இந்தத் தடவை வேறு பக்கமாக.

கவிதா அழுதாள். அழுதுகொண்டே நான் இரண்டாவது வாய் குடிப்பதைப் படம் எடுத்தாள்.

அவர்கள் போனதும் ஆ கியோங் மாறனின் முதுகில் தட்டினார். கை எட்டவில்லை, இடுப்பில்தான் விழுந்தது. "அடுத்த டேங்க் எப்போது? மூன்று வாரத்தில் தருவாயா?" என்று மலாயில் கேட்டார். மாறன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். கவிதாவுக்கும் தெரியும். ஆ கியோங் அதைக் கேட்காமலே அறைக்குத் திரும்பத் தொடங்கிவிட்டார்.

"முடியாது பாஸ்" என்றான் மாறன்.

ஆ கியோங் நின்றார்.

"அஞ்சு வாரம் ஆகும். அவசரப்படுத்தக் கூடாது. குளிர்ப்பெட்டிக்கு நான் சொல்ற நம்பர்தான்." மலாயில் ஆரம்பித்தவன் தமிழுக்கு வந்துவிட்டான். "அப்புறம், அஞ்சு வாரமும் யாரும் உள்ள வந்து அது பத்தல, இது பத்தலன்னு சொல்லக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

ஆ கியோங்குக்குத் தமிழ் தெரியாது. யாராக இருந்தாலும் என்று சொன்னபோது மாறன் அவரைப் பார்க்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்தான்.